குப்பைத் தொட்டியை எத்தனை மணிக்கு வாசலில் வைப்பது?

பி.காம். படித்தவனுக்கு வரலாற்றில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். யார் கொடுத்தார், யார் வாங்கினார், எந்தத் தேதியில், எதற்காக என்று பார்ப்பதுதான் வங்கிக்காரன் தொழில். வரலாறும் கிட்டத்தட்ட அதேதான், வவுச்சர்கள் மட்டும் கொஞ்சம் பழசு.

இந்தப் பதிவின் நாயகன் குப்பைத் தொட்டி. மூக்கைப் பிடிக்காமல் படிக்கலாம், அதற்கு நான் உத்தரவாதம் :-) கொஞ்சம் நீளமான பதிவு, காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

டெக்சாஸில் இருக்கும் என் அத்தை மகன் சொந்த வீடு வாங்கினான். புது வீட்டு முகவரிக்கு வந்த முதல் கடிதம் வாழ்த்துக் கடிதமில்லை. "உங்கள் குப்பைத் தொட்டி தெருவிலிருந்து பார்த்தால் கண்ணில் படுகிறது, மறைவாக வைக்கவும்" என்று குடியிருப்போர் சங்கத்திலிருந்து வந்த நோட்டீஸ். இரண்டு சக்கரம், கைப்பிடி, மூடி, நம் ஊர் சின்ட்டெக்ஸ் தொட்டிக்குத் தம்பி மாதிரி ஒரு பிளாஸ்டிக் பெட்டி. பெரிய அளவு 96 காலன், நம் கணக்கில் சுமார் 360 லிட்டர். அதை முதல்நாள் சாயங்காலத்துக்கு முன்னால் வெளியே வைக்கக்கூடாது. வண்டி வந்துபோன அன்றைக்கே உள்ளே எடுத்துவிட வேண்டும். மற்ற நாட்களில் தெருவில் போகிறவர் கண்ணில் படாமல் வைத்திருக்க வேண்டும். இதற்கெல்லாமா சட்டம் என்று அவன் போனில் பொருமினான்.

இதற்கெல்லாம் சட்டம் உண்டு. அந்தச் சட்டங்களுக்கு நூற்றைம்பது வருடத்துக் கதையும் உண்டு. எங்கள் புனே குடியிருப்பில் இப்போது ஒரு குப்பைத் தகராறு ஓடிக்கொண்டிருப்பதால் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். தகராறைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பாரிஸ் போய்விட்டு வருவோம்.

பெயரே தொட்டியாகிப் போன மனிதர்

யூஜீன் பூபெல் ஒரு சட்டப் பேராசிரியர். பிறகு அரசு நிர்வாகத்துக்கு வந்து 1883ல் பாரிஸ் நகரம் அடங்கிய சேன் மாவட்டத்துக்கு ப்ரிஃபெக்ட் ஆனார். நம் ஊர் கலெக்டர், கார்ப்பரேஷன் கமிஷனர் இரண்டு நாற்காலியையும் சேர்த்துப் போட்டால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு பதவி. அப்போது பாரிஸின் மக்கள்தொகை இருபது லட்சத்துக்கு மேல். அத்தனை பேர் வீட்டுக் குப்பையும் வாசலில் குவியலாகக் கொட்டப்படும். வண்டிக்காரர்கள் வந்து மண்வெட்டியால் அள்ளிப் போவார்கள்.

1883 நவம்பர் 24ல் பூபெல் ஓர் ஆணை போட்டார். ஒவ்வொரு கட்டடத்தின் சொந்தக்காரரும் குடியிருப்பவர்களுக்கு மூடி போட்ட பாத்திரம் வாங்கித் தர வேண்டும். கொள்ளளவு 40 லிட்டரிலிருந்து 120 லிட்டர் வரை. வண்டி வரும் நேரத்துக்கு அது வாசலில் இருக்க வேண்டும், வண்டி போனதும் உள்ளே போய்விட வேண்டும். அதோடு விடவில்லை மனிதர். அழுகும் குப்பைக்கு ஒன்று, காகிதத்துக்கும் துணிக்கும் ஒன்று, உடைந்த பீங்கானுக்கும் சிப்பி ஓட்டுக்கும் ஒன்று என்று மூன்றாகப் பிரிக்கவும் சொன்னார். மட்கும் குப்பை, மட்காத குப்பை என்று நாம் இப்போது பாடம் படிக்கிறோமே, பாரிஸ்காரர்களுக்கு அந்தப் பாடம் 1883லேயே நடத்தப்பட்டது. மாணவர்கள் பாஸாகவில்லை என்பது வேறு விஷயம். பிரிக்கும் பகுதி சரியாக நடக்கவே இல்லை, தொட்டி மட்டும் நிலைத்தது.

எதிர்ப்பு இரண்டு பக்கமிருந்து வந்தது. வீட்டுச் சொந்தக்காரர்களுக்குச் செலவு, அது ஒரு புலம்பல். இன்னொரு பக்கம் 'ஷிஃபோனியே' என்ற குப்பை பொறுக்குகிறவர்கள். கையில் கொக்கி, முதுகில் கூடை, இரவில் ஒரு லாந்தர். வாசலில் கிடக்கும் குவியலைக் கிளறிக் கந்தல், எலும்பு, உலோகம், கண்ணாடி எடுத்து விற்றுப் பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். கந்தல் காகித ஆலைக்குப் போகும். எலும்பு பொத்தானாகும், பசையாகும். குப்பை மூடிக்குள் போய், மூடி திறக்கும் நேரத்தில் வண்டி வந்து வாரிக்கொண்டு போய்விட்டால் இவர்கள் அடுப்பில் என்ன வைப்பார்கள்? பத்திரிகைகளும் இவர்கள் பக்கம் பேசின. தொட்டிக்கு 'பூபெல் பெட்டி' என்று கேலிப் பெயர் வந்ததும் அப்போதுதான். கடைசியில் பூபெல் கொஞ்சம் இறங்கி வந்தார். தொட்டியை ஒரு துணியில் கொட்டிப் பொறுக்கிவிட்டு மிச்சத்தைத் திரும்பப் போட்டுவிடலாம் என்று இடம் கொடுக்கப்பட்டது.

இன்றைக்கும் பிரெஞ்சு மொழியில் குப்பைத் தொட்டிக்குப் பெயர் 'பூபெல்'. நம் ஊரில் அதிகாரி பெயரைத் தெருவுக்கு வைப்பார்கள். அந்த மனிதருக்குத் தெருவும் கிடைத்தது, தொட்டியும் கிடைத்தது.

நான் இங்கே குறித்துக்கொண்டது ஒன்றுதான். தொட்டி விதி வந்த அன்றே அதில் மூன்று பேர் இருந்தார்கள்: குப்பை போடுகிறவர், அள்ளுகிறவர், பொறுக்குகிறவர். ஆணை எழுதியவர் முதல் இருவரை நினைத்து எழுதினார். மூன்றாமவர் கூச்சல் போட்ட பிறகுதான் அவருக்கு ஒரு வரி சேர்ந்தது.

லண்டன்: வரவு செலவானது

ஆங்கிலத்தில் குப்பைத் தொட்டியை 'டஸ்ட்பின்' என்கிறோம். அந்த 'டஸ்ட்' தூசி இல்லை, சாம்பல். லண்டனில் வீட்டுக்கு வீடு நிலக்கரி அடுப்பு, குப்பையில் பெரும்பங்கு சாம்பல்தான். அதைச் சலித்து எடுத்தால் செங்கல் சூளைக்குப் போகும். அதனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குப்பை அள்ளும் ஒப்பந்தக்காரர்கள் உள்ளாட்சிக்குப் பணம் கட்டி அந்த உரிமையை வாங்கினார்கள். பிறகு சாம்பல் விலை விழுந்தது. அள்ளுவதற்கு உள்ளாட்சி இவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. வரவுப் பக்கம் இருந்த கணக்கு செலவுப் பக்கம் தாவியது. வங்கிக்காரன் கண்ணில் இது படாமல் இருக்குமா?

வருமானம் இருந்தவரை குப்பை அள்ள ஆள் தேடி வந்தார்கள். வருமானம் போனதும் சட்டம் வேண்டியிருந்தது. 1875ன் பொது சுகாதாரச் சட்டம் குப்பை அகற்றுவதை உள்ளாட்சியின் வேலையாக்கியது. வீடுகளில் நகர்த்தக்கூடிய பாத்திரம் வைக்கும் பழக்கமும் அந்தக் காலத்தில்தான் பரவியது. 'நகர்த்தக்கூடிய' என்பது முக்கியம். அதற்கு முன் கொல்லைப்புறத்தில் கட்டிய குழி. ஆள் உள்ளே இறங்கி அள்ளிக் கூடையில் சுமந்து வீட்டுக்குள் வழியாகவே வெளியே வர வேண்டும். நம் ஊர்ப் பழைய வீடுகளில் கொல்லைக்குத் தனிச் சந்து விட்டது யாருக்காக, எதற்காக என்று உங்களுக்கே தெரியும். அதைப் பற்றித் தனிப் பதிவே எழுதலாம்.

நியூயார்க்: வெள்ளைச் சட்டைக் கர்னல்

1895 ஜனவரியில் கர்னல் ஜார்ஜ் வேரிங் நியூயார்க்கின் தெருத் துப்புரவு ஆணையராக வந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டை போட்டவர். சாக்கடைப் பொறியாளர். 1878ல் மெம்ஃபிஸ் நகரத்தை மஞ்சள் காய்ச்சல் சூறையாடிய பிறகு அங்கே புதுச் சாக்கடை அமைத்துக் கொடுத்துப் பெயர் வாங்கியவர். மெம்ஃபிஸ் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

அவர் வந்தபோது நியூயார்க் தெருக்களில் குதிரைச் சாணமும் சாம்பலும் காய்கறிக் கழிவும் கணுக்கால் அளவு. வேலையாட்கள் அரசியல் கட்சி சிபாரிசில் வந்தவர்கள். வேரிங் அவர்களுக்கு வெள்ளைச் சீருடை கொடுத்தார். குப்பை அள்ளுகிறவனுக்கு வெள்ளை உடுப்பா என்று ஊர் சிரித்தது. இது மருத்துவமனை ஊழியர் வேலை போன்ற சுகாதார வேலை, அதை ஊர் கண்ணால் பார்க்கட்டும் என்பது அவர் கணக்கு. 1896ல் அதே ஆட்கள் வெள்ளை உடுப்பில் அணிவகுத்துப் போனபோது ஊர் கை தட்டியது.

வீடுகளுக்கும் விதி வந்தது. உணவுக் கழிவு, சாம்பல், உலர்ந்த குப்பை என்று மூன்று தனிப் பாத்திரங்கள். உணவுக் கழிவு பாரன் தீவுக்குப் போய்க் கொழுப்பாகவும் உரமாகவும் மாறும். பள்ளிப் பிள்ளைகளைச் சேர்த்து மன்றங்கள் அமைத்து அம்மா அப்பாவுக்கு அவர்கள் மூலம் பாடம் சொல்ல வைத்தார். (நம் வீட்டில் பெரியவர்களுக்கு 'இது பச்சைத் தொட்டி, அது நீலத் தொட்டி' என்று அதட்டுகிற வாண்டுகளுக்கு வேரிங்தான் மூதாதை!) மூன்று வருடம்தான் இருந்தார். 1898ல் ஹவானாவின் சுகாதாரத்தை ஆராயப் போனவர் மஞ்சள் காய்ச்சலோடு திரும்பி வந்து அந்த அக்டோபரில் இறந்துபோனார். எந்த நோயை விரட்டிப் பெயர் வாங்கினாரோ அதுவே கொண்டுபோயிற்று. குப்பை பிரிக்கும் பழக்கத்தைப் பின்னால் வந்தவர்கள் கைகழுவினார்கள்.

1968: யார் முதுகில் ஏற்றுவது?

அந்த வருடம் பிப்ரவரியில் நியூயார்க் துப்புரவுத் தொழிலாளர்கள் ஒன்பது நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தகரத் தொட்டிகள் நிரம்பி வழிந்தன. அந்தச் சமயத்தில் பிளாஸ்டிக் பைகள் கைகொடுத்தன. லேசு, சத்தமில்லை, காலித் தொட்டியைத் திரும்ப உள்ளே எடுக்கும் வேலையில்லை. 1970களின் தொடக்கத்திலிருந்து கறுப்புப் பைதான் நியூயார்க்கின் வழக்கமாயிற்று. சாயங்காலம் நான்கு மணிக்கே நடைபாதையில் பைகள் மலையாக ஏறும், ராத்திரி எலிகளுக்குக் கல்யாண விருந்து.

அதே மாதம் மெம்ஃபிஸில் நடந்தது வேறு. அங்கே வீட்டுக்காரர் தொட்டியைத் தெருவுக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. கறுப்பினத் தொழிலாளர்கள் கொல்லைப்புறம் வரை போய், தொட்டியைப் பெரிய டப்பில் கொட்டி, தலையிலும் தோளிலும் சுமந்து வண்டிக்குக் கொண்டுவருவார்கள். டப்பின் ஓட்டைகளிலிருந்து அழுக்குத் தண்ணீர் சட்டைக்குள் வழியும். 1968 பிப்ரவரி 1ல் மழைக்கு வண்டிக்குள் ஒதுங்கிய இரண்டு தொழிலாளர்கள், எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர், குப்பையை நசுக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கியதில் உள்ளேயே நசுங்கிச் செத்தார்கள். பிப்ரவரி 12ல் சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 'நானும் மனிதன்' என்று அட்டை பிடித்து நடந்தார்கள். அவர்களுக்கு ஆதரவு சொல்ல வந்த இடத்தில்தான் ஏப்ரல் 4ல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். கிங் இறந்த கதை எல்லோருக்கும் தெரியும். அவர் அந்த ஊருக்கு வந்தது குப்பைத் தொழிலாளர்களுக்காக என்பது பலருக்குத் தெரியாது.

இதைப் படித்த பிறகு டெக்சாஸ் அத்தை மகனுக்கு நான் சொன்னேன்: "டேய், தொட்டியை நீ தெருமுனை வரைக்கும் உருட்டிக்கொண்டு போகிறாயே, அந்த முப்பது அடியை ஒரு காலத்தில் வேறு ஒருவன் முதுகில் சுமந்தான். உனக்குக் கால் வலித்தால் பரவாயில்லை."

சக்கரம் வந்த வழி

சக்கரத் தொட்டியின் தொடக்கமாக இங்கிலாந்தின் ஸ்லவ் நகரத்தில் 1968ல் ஒரு பிளாஸ்டிக் வார்ப்பு நிறுவனம் செய்த பெட்டியைச் சொல்கிறார்கள். தொழிற்சாலைக்குள்ளேயே கழிவைத் தள்ளிக்கொண்டு போகச் செய்தது, பிறகு வீடுகளுக்கு வந்தது. அதே 1960களின் கடைசியில் அமெரிக்காவின் அரிசோனாவில் ஸ்காட்ஸ்டேல் என்ற ஊர், வண்டியிலிருந்து ஒரு இரும்புக் கை நீண்டு தொட்டியைப் பிடித்துத் தூக்கிக் கவிழ்க்கும் ஏற்பாட்டைச் சோதித்துப் பார்த்தது. அந்த வண்டிக்கு அவர்கள் வைத்த செல்லப் பெயர் 'காட்ஸில்லா'!

இரும்புக் கை வந்ததும் விதிகள் பெருகின. மனிதக் கை என்றால் தொட்டி கோணலாக இருந்தாலும் எட்டி எடுக்கும், இயந்திரத்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அதனால்தான் பல ஊர்களில், சக்கரம் வீட்டுப் பக்கம் பார்க்க வேண்டும், மூடி திறக்கும் பக்கம் தெருவைப் பார்க்க வேண்டும், பக்கத்துத் தொட்டிக்கும் நிற்கும் காருக்கும் மூன்று நான்கு அடி இடைவெளி வேண்டும், மூடி முழுசாக மூடியிருக்க வேண்டும் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். அத்தை மகனுக்கு இவை கிறுக்குத்தனமாகப் பட்டன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு இடிபட்ட காரோ தெருவில் கவிழ்ந்த குப்பையோ இருந்திருக்கும்.

தெருவிலிருந்து தெரியக்கூடாது என்ற விதி மட்டும் வேறு ஜாதி. அது சுகாதாரத்துக்கு இல்லை, வீட்டு விலைக்கு.

வாசலில் வைத்த பிறகு அது யாருடையது?

இந்தக் கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. கலிஃபோர்னியாவின் லகூனா பீச்சில் போலீஸ், வாரண்ட் இல்லாமல், குப்பை அள்ளுகிறவரிடம் சொல்லி ஒரு வீட்டுக் குப்பைப் பையைத் தனியாக வாங்கிப் பிரித்துப் பார்த்தது. போதைப்பொருள் தடயம் கிடைத்தது. 1988ல் 'கலிஃபோர்னியா எதிர் கிரீன்வுட்' வழக்கில் தீர்ப்பு: தெருவோரம் வைத்த குப்பைக்கு அந்தரங்கம் என்று எதுவும் கிடையாது. ஆறுக்கு இரண்டு. எதிர்த்து எழுதிய நீதிபதி பிரெனன், வீட்டில் குப்பையைத் தேக்கி வைக்கக்கூடாது என்று உள்ளூர் விதியே சொல்லும்போது, வெளியே வைத்தவன் உரிமையை விட்டுக்கொடுத்தான் என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் தோற்ற பக்கத்தின் கேள்வி.

வங்கிக்காரனாக ஒரு இலவச ஆலோசனை: பழைய காசோலை, கணக்கு அறிக்கை, கார்டு வந்த உறை, ஆதார் நகல் எல்லாவற்றையும் கிழித்துப் போடுங்கள். இரண்டாக இல்லை, இருபதாக.

கறுப்புப் பையில் ஐம்பது வருடம் ஓட்டிய நியூயார்க்கும் கடைசியில் தொட்டிக்கே திரும்பியது. 2023 ஏப்ரல் 1 முதல் பை வைக்கும் நேரம் சாயங்காலம் நான்கிலிருந்து எட்டுக்குத் தள்ளிப்போனது. மூடி போட்ட தொட்டியில் வைத்தால் ஆறு மணிக்கே வைக்கலாம் என்று சலுகை. 2024 நவம்பர் 12 முதல் ஒன்பது வீடு வரை உள்ள கட்டடங்களுக்கு மூடித் தொட்டி கட்டாயம். பூபெல் ஆணை வந்து 141 வருடம் கழித்து!

நம் ஊர்

புனேயில் சுகாதார விதி என்றால் பழைய ஆட்களுக்கு 1897தான் ஞாபகம் வரும். பிளேக் வந்தபோது ராண்ட் என்ற ஆங்கில அதிகாரியின் குழு சிப்பாய்களை வீட்டுக்குள் அனுப்பிச் சோதனை போட்டது. அந்த ஆத்திரத்தில் ஜூன் 22 இரவு சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். நோய் உண்மை, விதியும் தேவை. வீட்டுக்காரனைக் குற்றவாளி மாதிரி நடத்தியதில்தான் எல்லாம் கெட்டது.

சுதந்திர இந்தியாவில் குப்பைச் சட்டத்தின் கதை ஒரு பெண்மணியிடமிருந்து தொடங்குகிறது. பெங்களூரைச் சேர்ந்த அல்மித்ரா படேல் 1996ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். நீதிமன்றம் அசிம் பர்மன் தலைமையில் ஒரு குழு அமைத்தது, 1999ல் அறிக்கை வந்தது, அதன் பேரில் 2000ல் நகரத் திடக்கழிவு விதிகள் வந்தன. வீடு வீடாகப் போய்ச் சேகரிக்க வேண்டும் என்று அப்போதுதான் நாடு முழுவதற்கும் எழுதப்பட்டது. தெருமுனையில் சிமெண்ட் உறை போட்ட வட்டத் தொட்டி, அதைச் சுற்றி மாடு, நாய், பன்றி என்று வளர்ந்த நம் தலைமுறைக்கு இது பெரிய மாற்றம். 2016 விதிகள் வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொன்னதோடு, குப்பை பொறுக்குகிறவர்களை அங்கீகரித்து ஏற்பாட்டுக்குள் சேர்க்கவும் சொன்னது. 2026 விதிகள் ஈரம், உலர்ந்தது, நாப்கின் மாதிரியான சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் வேண்டியது என்று நான்காக்கிவிட்டன.

சட்டத்துக்கு முன்பே புனே ஒரு காரியம் செய்திருந்தது. 1993ல் இங்கே 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்' தொடங்கியது. காகிதம், கண்ணாடி, தகரம் பொறுக்கும் உழைப்பாளிகளின் சங்கம். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள். 1990களிலேயே அவர்களுக்கு மாநகராட்சி ஒப்புதலோடு அடையாள அட்டை கிடைத்தது. வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் ஒரு போட்டோ அட்டையின் அருமை தெரியும். 2008ல் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கமான 'ஸ்வச்' மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீட்டு வாசலிலிருந்தே குப்பை வாங்க ஆரம்பித்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இதில் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் மாதக் கட்டணம் கொடுக்கிறார். உலர்ந்த குப்பையில் விலைபோவதை அவர்களே எடுத்து விற்றுக்கொள்கிறார்கள். பாரிஸில் துணி விரித்துப் பொறுக்க அனுமதித்ததோடு நின்ற இடத்திலிருந்து இது எத்தனை தூரம் என்று பாருங்கள். நாப்கினைக் காகிதத்தில் சுற்றிச் சிவப்புப் புள்ளி வைத்துத் தனியாகக் கொடுங்கள் என்று கேட்டதும் இவர்கள்தான். பிரித்துப் பார்க்கிற கை அவர்களுடையது.

எங்கள் குடியிருப்புத் தகராறு

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குடியிருப்பில் இரண்டு பெண்கள் பத்து வருடத்துக்கு மேலாக வீட்டு வாசலில் வந்து குப்பை வாங்குகிறார்கள். மராத்தி வழக்கப்படி எல்லோரும் 'மாவ்ஷி' என்றுதான் கூப்பிடுவோம், நம் சித்தி மாதிரி. கமிட்டியில் ஒரு புது யோசனை. கீழே பார்க்கிங்கில் 240 லிட்டர் சக்கரத் தொட்டிகள் வாங்கி வைப்போம், அவரவர் கொண்டுவந்து போடட்டும், ஒரு தனியார் வண்டி தினமும் வந்து எடுத்துப் போகட்டும், மாவ்ஷிகள் வேண்டாம். ஒரு வீட்டுக்கு ஆகும் மாதச் செலவு குறைகிறது என்று கொட்டேஷன் காட்டினார்கள். வங்கிக்காரன் என்பதால் என்னைக் கணக்குப் பார்க்கச் சொன்னார்கள்.

கணக்குப் பார்த்தேன். கூட்டல் சரியாக இருக்கிறது. விட்டுப்போன இனங்கள்தான் அதிகம்.

ஒன்று, பிரிக்கும் வேலை. இப்போது ஈரக் குப்பையில் பிளாஸ்டிக் கிடந்தால் மாவ்ஷி வாசலிலேயே நின்று "தாயி, இது இதில் இல்லை" என்று திருப்பிக் கொடுக்கிறார். யார் போட்டது என்று தெரியாத பொதுத் தொட்டியிடம் யார் பேசுவது? பூபெல் விதி தோற்ற இடம் அதுதான். பிரிக்கச் சொல்லி ஆணை இருந்தது, வாசலில் நின்று பார்க்க ஆள் இல்லை. புதுச் சட்டப்படி பிரிக்காத குப்பைக்கு அபராதம் வந்தால் அது மொத்தக் குடியிருப்பின் தலையில் விடியும்.

இரண்டு, படி. நான்காம் மாடியில் தனியாக இருக்கும் எழுபது வயதுக்காரர்களுக்கு லிஃப்ட் ரிப்பேரான நாளில் யார் கொண்டுபோவது? நிறைந்த 240 லிட்டர் தொட்டியைப் பார்க்கிங் சரிவில் யார் இழுப்பது? வாட்ச்மேன்தான் இழுப்பார் என்று எல்லோரும் மனதுக்குள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் சம்பளத்தில் அது எழுதவில்லை. மெம்ஃபிஸ் டப்பு தான் ஞாபகம் வந்தது.

மூன்று, உலர்ந்த குப்பையின் விலை. கொட்டேஷன்படி அது அந்த வண்டிக்காரருக்குப் போகிறது. அதாவது இப்போது இரண்டு பெண்களின் வருமானமாக இருப்பதை எடுத்து அவருக்குக் கொடுத்துவிட்டு, நமக்குக் கட்டணம் குறைந்தது என்று சந்தோஷப்படுகிறோம். லண்டன் கணக்கின் இன்னொரு வடிவம். அந்த வரியைத் தனியாக எழுதிக் காட்டுங்கள் என்றேன்.

இந்த மூன்றையும் ஒரு குறிப்பாக எழுதி, மராத்தி, இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் பொதுக்குழுவுக்கு முன்னால் எல்லார் வீட்டுக்கும் கொடுக்கப்போகிறேன். எதிர்க்க மட்டும் எழுதவில்லை. தொட்டி எனக்கும் வேண்டும். என் யோசனை இது: சக்கரத் தொட்டி நான்கு வாங்குவோம், மாவ்ஷிகள் மாடி மாடியாகச் சேகரித்ததைத் தூக்கிச் சுமக்காமல் லிஃப்டில் தள்ளிக்கொண்டு போகட்டும். வீட்டுத் தொட்டியை முந்தின ராத்திரி வராந்தாவில் வைக்கக்கூடாது, காலை ஏழு மணிக்கு வைத்து ஒன்பதுக்குள் உள்ளே எடுத்துவிட வேண்டும். சுகாதாரக் கழிவு சுற்றி, புள்ளி வைத்துத் தனியாக. உலர்ந்த குப்பை வழக்கம்போல அவர்களுக்கே. கட்டணத்தை ஒரு வீட்டுக்கு இருபது ரூபாய் உயர்த்தி அவர்களுக்குக் கையுறையும் மழைக்கோட்டும் வாங்கிக் கொடுப்போம். ஒரு வீட்டுக்கு மாதம் ஒரு வடாபாவ் செலவு.

ஓட்டு எப்படி விழும் என்று சொல்வதற்கில்லை. இங்கே தமிழ்க் குடும்பங்கள் ஆறுதான். அதிலும் இரண்டு பேர் கொட்டேஷன் பக்கம். மூத்த மாவ்ஷி நேற்று என்னிடம், "பாவ், கூட்டத்துக்கு நாங்களும் வரலாமா?" என்று கேட்டார். உறுப்பினர் அல்லாதவர் பேச விதியில் இடமில்லை என்று செயலாளர் சொல்கிறார். தலைவர் அனுமதித்தால் பேசலாம் என்று விதியில் இடம் இருக்கிறது, பக்க எண்ணோடு குறித்து வைத்திருக்கிறேன். இந்த விஷயத்தில் பத்து வருட அனுபவம் உள்ள இருவர் அவர்கள்தான்.

கூட்டம் முடிந்ததும் முடிவை எழுதுகிறேன். மும்பை, தில்லி, பெங்களூர், ஹைதராபாத் என்று எங்கெங்கோ இருக்கிற நம் ஆட்கள் உங்கள் குடியிருப்பில் குப்பையை எத்தனை மணிக்கு, எங்கே வைக்கிறீர்கள், யார் எடுத்துப் போகிறார்கள், அவருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று எழுதுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் நாளைக் காலை வாசலில் நின்று கேட்டுவிட்டு எழுதுங்கள். எனக்கு அந்தக் குறிப்பில் சேர்க்க உதவும்.